கடல்மேல் போட்ட பழி

அந்த ஒலிநாடாவைக் கடல் கெடுக்கவில்லை. நான்தான் கெடுத்தேன். கெடுத்ததை மறைப்பதற்காக நானே அதைக் கடல்நீரில் நனைத்தேன்.

சொல்லிவிட்டேன்... எழுத எனக்கு இவ்வளவு காலம் பிடித்த வாக்கியத்தைப் படிக்க உங்களுக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்பட்டிருக்காது. இனி என்னைப்பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் கேட்டால் இன்னும் கேவலமாகத்தான் நினைப்பீர்கள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் எங்களுக்கென்று ஒரு சிறிய நூதனசாலை, உங்கள் பேச்சில் அருங்காட்சியகம், இருக்கிறது. மருதமுனை வீடுகளிலிருந்து வந்த தறிச் சாமான்கள், வெற்றிலை வைத்து நீட்டும் பித்தளை வட்டாக்கள், அரபு எழுத்தில் தமிழ் எழுதிய ஏடுகள், பழைய கல்யாணப் படங்கள்... இவற்றையெல்லாம் படம்பிடித்து, ஒலியிருந்தால் ஒலியைப் பதிந்து, கணினியில் பாதுகாக்கும் வேலைக்கு நான் இணைப்பாளர். அந்தச் சொல்லில் எனக்கிருந்த மயக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மீன் வாங்கச் சந்தைக்குப் போனாலும் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற ஆள் நான்.

வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துதான் இருந்தேன். எதை எடுத்தாலும் மூன்று பிரதிகள் என்பது எங்கள் விதி. ஒன்று நூதனசாலைக் கணினியில், இன்னொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது கடல் எட்டாத இடத்தில். அந்த மூன்றாவது பிரதி சம்மாந்துறையில் என் மச்சானின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதை ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று எங்கள் ஊரில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

சுனாமி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் 'கடல் வந்தது' என்போம். காணி உறுதிப் பத்திரம் எங்கே? கடல் கொண்டுபோய்விட்டது. சோதனைச் சான்றிதழ் எங்கே? கடல் கொண்டுபோய்விட்டது. அத்தோடு பேச்சு நின்றுவிடும். அதற்குமேல் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. கேட்கிறவருடைய வீட்டிலும் கடல் எதையாவது கொண்டுபோயிருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒளிந்துகொண்டது இந்த மரியாதைக்குப் பின்னால்தான்.

நஸ்லியா ஒரு காலைநேரத்தில் வந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அப்போது வயிற்றில் பிள்ளை. மாடிப்படி ஏறிவந்த களைப்பில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சிறிய பொதி. பொலித்தீனால் மடித்து மடித்துச் சுற்றி, ஒட்டுநாடா போட்டு இறுக்கியிருந்தது. அதன் மேல் ஒரு ஆணின் பெயரும் சவூதியிலுள்ள ஓர் ஊரின் பெயரும்.

"உம்மா வாப்பாக்கு அனுப்ப வெச்ச கசட் காக்கா. அனுப்ப முந்திக் கடல் வந்திட்டு," என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், தாயை உம்மா, தகப்பனை வாப்பா.

எங்கள் ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் போன ஆண்களுக்கு வீட்டிலிருந்து ஒலிநாடாவில் பேசி அனுப்புவார்கள். பயணம் போகும் யாராவது ஒருவரின் பெட்டியில் மாசிச் சம்பலோடும் கறித்தூளோடும் கசட்டும் போகும். தொலைபேசி வந்த பிறகும் சில பெண்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. போனில் காசு ஓடும். கசட்டில் ஆற அமரக் கதைக்கலாம் அல்லவா? நஸ்லியாவின் உம்மாவும் அப்படிப் பேசிப் பதிந்து, ஈரம் படாமல் சுற்றி, அலுமாரியில் வைத்திருந்திருக்கிறார். கடல் வந்த அன்று குழந்தை நஸ்லியா கடலிலிருந்து தள்ளி, சின்னம்மா முறையான சாச்சியின் வீட்டில் இருந்தாள். உம்மா கடலோரத்து வீட்டில் இருந்தார். பிறகு அந்த அலுமாரியை யாரோ மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள்.

வாப்பா சவூதியிலிருந்து வந்து அந்தப் பொதியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் பிரிக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கும் தைரியம் கடைசிவரை அவருக்கு வரவில்லை. அவர் மௌத்தான பிறகு பொதி மகளின் கைக்கு வந்தது.

"என்னச் சாச்சிதான் வளத்த. சாச்சியச் சாச்சி எண்டுதான் கூப்பிடுற. ஒராளையும் உம்மா எண்டு கூப்பிட்ட ஞாபகம் எனக்கில்ல காக்கா," என்று சொல்லி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "அந்த நேரம் நான் கூப்பிட்டனோ என்னமோ... சாச்சிக்கும் தெரியா. இனி என்னயும் ஒண்டு உம்மா எண்டு கூப்பிடப் போகுது. அதுக்கு முன்ன தெரிஞ்சிக்கணும் போல கிடக்கு. இதுக்குள்ள ஏதும் இரிக்கும்தானே?"

"இருக்கும் தங்கச்சி. நான் கணினியில் ஏத்தித் தாறன்."

"ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. நீங்க கேக்க வேணாம். முதல்ல நான் கேக்கணும். இது அமானிதம் காக்கா."

நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அதில் கைவைக்கிறவன் நயவஞ்சகன் என்பது எங்கள் மார்க்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒலியின் அலை கணினித் திரையில் தெரியும். அதைப் பார்த்தே பதியலாம். காதில் போடத் தேவையில்லை. அப்படித்தான் செய்வேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

நூதனசாலையின் திறப்புவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. யாரை மேடையில் ஏற்றுவது, யாருக்குப் பொன்னாடை, யாருடைய பெயர் கல்வெட்டில் முதலில்... என் தலை முழுக்க அதுதான். அதற்கிடையில்தான் ஒரு முற்பகலில் பொதியைப் பிரித்தேன்.

நீங்கள் நம்பமாட்டீர்கள்! உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை. ஒரு மணல் இல்லை. மிளகாய்த்தூளின் மெல்லிய வாசம்கூட இருந்தது. தூரப் பயணத்துக்கென்று அந்தப் பெண் சுற்றிய சுற்றுக்குள் கடலால் நுழைய முடியவில்லை.

எங்களிடம் கசட் ஓட்டும் நல்ல கருவி இருக்கவில்லை. என் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த பழைய ரேடியோ கசட் பெட்டியை வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்தேன். அதிலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போகும். பழைய கசட்டைக் கையில் எடுத்தால் முதல் வேலை, அதன் முதுகிலிருக்கும் சிறிய பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுவது. உடைத்துவிட்டால் அதன்மேல் தவறியும் வேறெதுவும் பதிய முடியாது. எங்கள் தொண்டர்களுக்கு இதைப் படிப்பித்தவனே நான்தான். "முதல்ல காத உடைங்க, பிறகு கதைங்க," என்று அவர்கள் என்னைப்போலவே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள்.

அன்று நான் உடைக்கவில்லை. அவசரம் என்று சொல்லலாம். ஆனால் அது பொய்... ஒருமுறை கேட்டுப் பார்க்கும் ஆசைதான் முந்திக்கொண்டது. அதற்கு அவசரம் என்று பெயர் வைப்பது எவ்வளவு வசதி!

காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்... நான்தான் கதைக்கிறன். சத்தம் விளங்குதா?" இளம் பெண்ணின் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. "இந்தா, உங்கட மகள் என்ட மடியில இரிக்கா. கேளுங்க. வாப்பா எண்டு சொல்லு சீனி... சொல்லு... வாப்பா..."

நாடா ஓடும் இரைச்சல். பிறகு மிகத் தெளிவாக ஒரு குழந்தை: "உம்மா."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா! நான் படிச்சிக் குடுக்கிற வாப்பா எண்டு, இவ சொல்ற உம்மா எண்டு!"

நான் நிறுத்திவிட்டேன். நஸ்லியா கேட்ட கேள்விக்கான பதில் தொடக்கத்திலேயே இருக்கிறது! அவள் கேட்கும்போது அவள் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், அதை மட்டும் நம்புங்கள். நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்தேன். கணினியைத் தயாராக்கினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

விழாக் குழுவிலிருந்து ஒரு நண்பர். போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றல்ல, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து.

உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. அந்தப் பெட்டியில் கேட்பதற்கு ஒரு பொத்தான். பேசிப் பதிவதற்கு அதோடு சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். எங்கள் வாப்பாவும் சவூதியில்தான் இருந்தார். அவருக்குக் கசட் பேசும்போதெல்லாம் உம்மா சொல்லச் சொல்ல அந்த இரண்டையும் அழுத்துவது என் வேலை. அதே பெட்டி. அதே விரல்கள். எங்கள் ஊரில் என் வயதுக்காரர் எத்தனையோ பேரின் விரல்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும். மனம் போனில் இருந்தது. விரல்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தன.

திரையில் அலை ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு நடந்து நடந்து கதைத்தேன். ஓடியது என் குரலின் அலை! பெட்டியின் ஒலிவாங்கி என் பேச்சை வாங்கி, அந்த உம்மாவின் பேச்சுக்கு மேலே எழுதிக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தபோதுதான் சிவப்புப் பொத்தான் உள்ளே போய்க் கிடப்பதைக் கண்டேன். நிறுத்தினேன். பின்னால் சுற்றிக் கேட்டேன்.

"நம்மட ஊருச் சாமான் ஒண்டும் இனி அழியாது மச்சான்! நான் இரிக்கிறன்தானே!"

என் குரல்... என் வெட்கங்கெட்ட குரல்! சீனி இல்லை. சிரிப்பு இல்லை. மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவில் நான் யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தேன். அது முடிந்த இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் ஒரு சொல்லின் பாதியிலிருந்து வந்தது. "...பல் அனுப்புறன். உறைப்புக் கூடினாக் கோவிக்காதீங்க. பெருநாளைக்கு வாறத்துக்குப் பாருங்க. சரி, வெக்கிறன்." அதோடு நாடாவில் பேச்சு முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்பீர்கள். மிஞ்சிய அந்தச் சில சொற்களையாவது கணினியில் எடுத்து வைத்திருக்கலாமே? அவளிடம் போய் அழுது, நடந்ததைச் சொல்லி, நான் கேட்டதையாவது சொல்லியிருக்கலாமே?

சொல்லியிருக்கலாம். உம்மாவின் சிரிப்பைக் கேட்க முடியாமல் போனாலும், தான் கூப்பிட்டது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கேட்டது அதைத்தானே? எனக்கு இதெல்லாம் அப்போது தோன்றவில்லை... இல்லை, தோன்றியது. தோன்றியதைத் தள்ளிவிட்டு விழாவை நினைத்தேன். 'இணைப்பாளர் கசட்டை அழித்துவிட்டார்' என்று ஊர் சிரிப்பதை நினைத்தேன். கசட்டைத் திருப்பிக் கொடுத்தால் எவராவது போட்டுக் கேட்பார்கள். என் குரல் கேட்கும். அது கேட்கக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கடற்கரைக்குப் போனேன். நல்ல வெயில். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னைக் கண்டு, "என்ன சேர், இந்த வெயிலுக்குள்ள? மீனுக்கா?" என்று கேட்டார். "சும்மா வந்த," என்றேன். சோடாப் போத்தல் ஒன்றில் கடல்நீரை அள்ளிக்கொண்டேன். காற்சட்டைப் பையில் ஒரு பிடி மணலும் போட்டுக்கொண்டேன்.

கடல்நீர் பட்ட பொருள் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட எத்தனையோ பொருட்களை நானே படம்பிடித்திருக்கிறேன். ஆணி எங்கே துருப்பிடிக்கும், உப்பு எங்கே வெள்ளை பூக்கும், மடிப்புக்குள் மணல் எப்படித் தங்கும்... அந்த அறிவு முழுவதையும் பொய்க்குச் செலவழித்தேன். கசட்டை ஒரு பீங்கான் தட்டில் ஊறப்போட்டேன். மறுநாள் எடுத்து யன்னலில் வெயில்பட வைத்தேன். மறுபடியும் ஊறப்போட்டேன். பொலித்தீனுக்குள் மணலைத் தூவினேன். கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்தேன். சுத்தமாகச் செய்தேன்!

நஸ்லியா வந்தபோது அதை அவள் கையில் கொடுத்து, "தங்கச்சி, கடல் தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. ஒண்டும் மிஞ்சல்ல," என்றேன்.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். உப்பு மணத்தது போலும். துருவை விரலால் தடவினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பீங்கானைக் கழுவி வைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவன் நான்.

"கடல் எங்களுக்கு எதத்தான் விட்டிச்சி," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் காக்கா மொகத்த இப்பிடி வெச்சிருக்கிற? நீங்க என்ன செய்யிற? அல்லாஹ்ட நாட்டம்."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்! ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கதை அத்தோடு முடிந்திருந்தால்கூட ஒரு மாதிரி மறந்திருப்பேனோ என்னவோ. முடியவில்லை. வீட்டில் வைத்தால் அழுகை வருகிறது என்று அவள் கசட்டை நூதனசாலைக்கே தந்துவிட்டாள். மறுக்க என்னால் முடியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'கடல் கொண்டுபோன குரல்' என்று ஓர் அட்டை எழுதினேன். என் கையால் எழுதினேன். திறப்புவிழாவில் எல்லோரும் அதற்கு முன்னால்தான் கூடினார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத்தான் பொன்னாடை கிடைத்தது. இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் ஆசிரியர்கள் நேரே அங்கேதான் கூட்டிப்போகிறார்கள். அந்தக் கசட்டின் படமும் அட்டையின் வாசகமும் விதிப்படி மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று, கடல் எட்டாத இடத்தில்.

கொழும்பிலிருந்து ஒலிநாடா நிபுணர் ஒருவர் வந்துபோனார். கண்ணாடிக்குள் பார்த்தவர், "உப்புத் தண்ணீர் சத்தத்தை அழிக்காது! கழுவிக் காயவைத்தால் எடுக்கலாம்," என்று போகிற போக்கில் சொன்னார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் தொண்டர் ஒருவர் அதை நஸ்லியாவின் காதில் போட்டுவிட்டார். நிறைமாத வயிற்றோடு அவள் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் அப்படி வெளிச்சமாக இருந்தது.

"எடுக்கலாமாம் காக்கா! அனுப்புவமா?"

எடுத்தால் என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் பொன்னாடைப் பேச்சு கேட்கும். அதன் முடிவில் அவளுடைய உம்மாவின் சில சொற்களும் கேட்கும். கோவிக்காதீங்க என்று சொல்லும் அந்தக் குரலை அவள் கேட்டிருப்பாள்... இரண்டில் ஒன்றை நான் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அது ஒட்டிப்போன நாடா தங்கச்சி. பிரிச்சாத் தூளாப் போயிடும். பிறகு பாக்கிறத்துக்கும் கிடைக்காது," என்றேன்.

வெளிச்சம் அணைந்தது. "நீங்க சொன்னாச் சரி காக்கா. உங்களுக்குத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப்போனாள்.

முதல் தவறை விரல் செய்தது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு. இதை எது செய்தது?

ஐவேளையும் தொழுகிறேன். பாவமன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் அது தீராது என்பதை எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கேட்டிருக்கிறேன்! அவளிடம் போக வேண்டும். வாசல்வரை போயிருக்கிறேன். ஒருமுறை அவளைக் கட்டிய மாப்பிள்ளை கண்டு, உள்ளே வரச்சொல்லித் தேநீரும் தந்தார். குடித்துவிட்டு, காலநிலையைப்பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

சென்ற வாரம் அவள் பிள்ளையோடு வந்தாள். பெண்பிள்ளை. இப்போதுதான் வாய் திறக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாருங்க, உங்கட உம்மம்மா இதுக்குள்ளதான் கதைச்சவ," என்று காட்டினாள். பிள்ளை கசட்டைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "உம்மா" என்றது.

நஸ்லியா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டிருக்கிறேன். அப்படியே அதே சிரிப்பு... உலகத்தில் அந்த ஒற்றுமை தெரிந்த ஒரே ஆள் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "காக்கா, நானும் எங்கட உம்மாவ இப்பிடிக் கூப்பிட்டிருப்பனா?"

கேட்டாள். என்னிடமே கேட்டாள்! வாயைத் திறந்தேன். ஒரு சொல் போதும். ஆமென்று ஒரு 'ஓம்' சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று கேட்பாளே...

"அல்லாஹ்தான் அறிவான் தங்கச்சி," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கூப்பிட்டாள். தெளிவாக 'உம்மா' என்று கூப்பிட்டாள். அந்த உம்மா அவளைச் சீனி என்று அழைத்து வாய்விட்டுச் சிரித்தார். இப்போது இது உங்களுக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.